அக்கரைக்குப் போன வண்டல்

பிச்சைக்கண்ணு சோம்பேறி. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், எனக்குச் சிரிப்பு வராது. அவன் என் சகலை. என் வீட்டுக்காரி கோமுவின் தங்கை செல்லக்கிளியைக் கட்டியவன்.

எங்கள் மாமனாருக்கு ஆண்பிள்ளை கிடையாது. தாமிரபரணியின் இரண்டு கரையிலும் அவருக்குப் படுகை இருந்தது. படுகை என்றால் ஆறு பெருகும்போது முங்கி, வடியும்போது வெளியே வருகிற நிலம். வாழைக்கு அதைப் போல மண் கிடையாது. மூத்த மருமகன் நான் என்பதால் எந்தக் கரை வேண்டும் என்று என்னைத்தான் முதலில் கேட்டார். இரண்டிலும் நடந்து பார்த்துத் தென்கரையை எடுத்தேன். வடகரை மேடும் பள்ளமுமாக, ஆற்றோரம் முழுக்க நாணலும் தாழையும் அடைந்து, பாம்புக் காடாகக் கிடந்தது. அது பிச்சைக்கண்ணுவுக்குப் போயிற்று. “அண்ணாச்சி எடுத்தது போவ மிச்சம் போதும் எனக்கு” என்றான். அப்போதே அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. போதும் என்கிறவனை நான் நம்புவதில்லை.

என் கரையைச் சவரம் செய்த முகம் போல வைத்திருந்தேன். ஒரு நாணல் தலைகாட்ட விட்டதில்லை. தாழையை வேரோடு கெல்லி எரித்தேன். ஓரத்தில் நின்ற நீர்மருதுகளை, வாழைக்கு நிழல் விழுகிறது என்று வெட்டித் தள்ளினேன். தண்ணீர் விளிம்பு வரைக்கும் வாழை. பாலத்தில் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் கோடு போட்டதுபோலத் தெரியும். அக்கரையில் அவன் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பான். பாதி நிலம்தான் வாழை, மீதி காடு.

“ஏலே, அந்த நாணல வெட்டுனா இன்னும் எத்தன கன்னு வைக்கலாம் தெரியுமா?” என்று இங்கிருந்து கத்துவேன்.

“பைய வெட்டுவோம் அண்ணாச்சி. அது எங்க ஓடவா போவுது?” என்று அங்கிருந்து பதில் வரும்.

செல்லக்கிளி தலையில் அடித்துக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருக்கும்.

அப்புறம்தான் அந்த மார்கழி வெள்ளம் வந்தது. மழை விடவே இல்லை. மேலே அணைகள் நிரம்பிவிட்டன, வந்த தண்ணீர் வந்தபடி இறங்கியது. ஊரோடு பள்ளிக்கூடத்து மாடியில் கிடந்தோம். வடிந்ததும் முதல் ஆளாகப் படுகைக்கு ஓடினேன்.

என் கரை இருந்த இடத்தில் கரை இல்லை. ஆறு அதைக் கடித்துத் தின்றிருந்தது. மிச்சம் கிடந்த நிலத்தின் மேல் இடுப்பளவு மணல். ஒரு வாழை நிற்கவில்லை.

நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. நாணல் எல்லாம் கிழக்கே தலை வைத்துப் படுத்திருந்தது. தாழை சேறு அப்பி நின்றது. அதற்குப் பின்னால், முன்பிருந்த பள்ளம் மேடு எதுவும் தெரியாமல், கறுப்பு வண்டல். தோசைக் கல்லில் மாவை இழுத்துவிட்டது போல ஒரே சீராகக் கிடந்தது.

“அண்ணாச்சி! இங்கன வந்து பாருங்க! கால் பொதையுது!” என்று அவன் கத்தினான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சேற்றில் குதித்துக்கொண்டிருந்தான்.

அந்த வண்டலில் பாதி என்னுடையது. மலையில் இருந்து வந்தது கொஞ்சம் இருக்கலாம், மீதி என் கரை கரைந்து போன மண். எரு போட்டு, கொழிஞ்சித் தழையை மடக்கி உழுது, நான் கறுப்பாக்கின மண். குனிந்து பாடுபட்டவனிடம் பிடுங்கி, படுத்துக் கிடந்தவனுக்குக் கொடுத்தது ஆறு. கோவிலில் தீபாராதனையைத் தொட்டுக் கும்பிடும்போதுகூட எனக்கு அந்த நினைப்புதான்.

அடுத்த வருஷம் அவன் ஏத்தன் வாழை போட்டான். ஒவ்வொரு தாரும் இரண்டு ஆள் பிடித்துத் தூக்குகிற மாதிரி இறங்கியது. சந்தைக்காரர்கள் தோட்டத்துக்கே வந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து ஆட்கள் வந்து அவனிடம் யோசனை கேட்டார்கள். அவனிடம்! அவன் கட்டிலில் உட்கார்ந்து, “மண்ணு குடுக்கு, நான் என்ன செய்யுதேன்?” என்பான். அதற்கும் கைகட்டி நின்று தலையாட்டினார்கள். என்னைச் ‘சிவசம்முவம்’ என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவனை அண்ணாச்சி என்றார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு தார் கொடுத்துவிட்டான். கோமு உரித்துத் தின்றுகொண்டே, “நெய் மாதிரி இருக்குங்க, ஒண்ணு தின்னு பாருங்களேன்” என்றாள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். “வயிறு சரியில்லதான், தெரியுது” என்றாள்.

என் மணலில் அந்தக் கோடையில் நாணல் முளைத்தது. நான் வைக்கவில்லை. வெள்ளத்தில் அக்கரையில் இருந்து அடித்து வந்த வேராக இருக்கும். அவன் வீட்டுச் சனியன் என் நிலத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதே என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நாலு குத்து நாணலைக் கொத்தி எடுத்திருப்பேன், பின்னால் ஒரு பெண்குரல்.

“தாத்தா, அதப் புடுங்காதீங்க.”

தோளில் பையும் காலில் ரப்பர் செருப்புமாக ஒரு பிள்ளை நின்றாள்.

“நீ யாரு? தாலுகா ஆபீசா?”

“இல்ல தாத்தா, காலேஜு. ஆத்தப் பத்திப் படிக்கேன். எம்பேரு ரீபா.”

“எந்த ஊரு?”

“கூடங்குளத்துக்குப் பக்கம்.”

“கடக்கரைப் பிள்ளைக்கு ஆத்துல என்ன சோலி? அங்கன தண்ணி பத்தலையா?”

“அது உப்புத் தண்ணிலா. குடிச்சிப் பாத்திருக்கீங்களா?” என்று சிரித்தாள். சிரித்துப் பேசுகிற படித்தவர்களிடம் நான் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பேன். அடுத்து கையெழுத்துக் கேட்பார்கள். அவள் கேட்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாணலின் அடியில் மணலைக் கையால் விலக்கிக் காட்டினாள். வேர் வலை மாதிரி ஓடியிருந்தது.

“இது மணல இறுக்கிப் புடிச்சிரும். வெள்ளம் வந்தா இதுல முட்டி வேகம் கொறையும். வேகம் கொறஞ்சா, தூக்கிட்டு வாற வண்டல அங்கனயே போட்டுட்டுப் போயிரும். அக்கரையில அப்பிடித்தான் விழுந்திருக்கு.”

“அப்ப அந்த வேகம் எங்க போவும்?”

“எந்தக் கரை மொட்டையா இருக்கோ அங்க போயி இடிக்கும். போன தடவை ஒங்க கரை மொட்டை.”

எனக்குச் சுருக்கென்றது. “ரெண்டு கரையிலயும் நாணல் இருந்தா?”

“நடுவுல போவும். ஆறு ஏறி எறங்க ரெண்டு பக்கமும் எடம் வேணும் தாத்தா. குடுத்தா அது பாட்டுக்குப் போவும்.”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பேச்சை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்கரையைப் பார்த்தால் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகப் பட்டது. அவனுடைய நாணலைவிட என்னுடையது அடர்த்தியாக இருந்தால் அடுத்த வண்டல் எனக்கு. கொத்திப் போட்ட நாலு குத்தையும் திரும்ப நட்டேன்.

அதற்கப்புறம் நான் செய்த வேலையைப் பார்த்தால் ஊர் சிரித்திருக்கும். வாழைக்குச் செய்வதுபோல நாணலுக்குச் செய்தேன். இடைவெளி கிடந்த இடத்தில் எல்லாம் பிரித்து நட்டேன். தாழை முளை கொண்டுவந்து சொருகினேன். வெயில் நாளில் ஆற்றில் இருந்து குடத்தில் மொண்டு ஊற்றினேன்.

“என்னங்க இது, காட்டுக்குத் தண்ணி ஊத்துதீங்க?” என்றாள் கோமு.

“ஒன் தங்கச்சி மாப்பிள்ளை காடு வச்சா வெவசாயம். நான் வச்சாக் கிறுக்கா?”

அந்தப் பிள்ளை சொன்னதை அவளிடம் சொன்னேன். வண்டல் வரும் என்றதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கரை மொட்டையானால் ஆறு அங்கே போய் இடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

நாணல் ஆள் உயரம் வந்தது. தூக்கணாங்குருவி வந்து கூடு கட்டியது. என் கரையோரம் தண்ணீர் ஒரு நிலையில் நிற்காது. மேலே அணையில் மின்சாரம் எடுக்கத் திறந்தால் ஏறும், அடைத்தால் பொசுக்கென்று இறங்கும். முன்பெல்லாம் இறங்கும்போது மீன்குஞ்சுகள் வெறும் மணலில் குட்டைகளில் மாட்டிக்கொண்டு வெயிலில் வெந்து சாகும். இப்போது நாணல் நிழலில் குட்டை வற்றவில்லை. கெண்டைக் குஞ்சும் அயிரையும் அடுத்த தண்ணீர் வரும்வரை உயிரோடு கிடந்து ஆற்றுக்குத் திரும்பின. ஒருநாள் காலையில் நீர்நாய் ஒன்று, குட்டிகளோடு என் பக்கம் ஏறி உடம்பைத் துடைத்துக்கொண்டது. அதற்கு முன் அதை அக்கரையில்தான் பார்த்திருக்கிறேன். போட்டோ எடுக்கிறவர்கள் அதற்காகவே அவன் தோட்டத்துக்குப் போய் அவன் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு வருவார்கள். நீர்நாய் என் பக்கம் ஏறிய அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல பசி எடுத்தது.

இந்தச் சமயத்தில்தான் பிச்சைக்கண்ணுவுக்குச் சுறுசுறுப்பு வந்தது. பெரிய விவசாயி என்று நாலு பேர் சொல்லச் சொல்ல, அவனுக்கே அது உண்மையாகப் பட்டுவிட்டது. ஒருநாள் அக்கரையில் ஜேசிபி சத்தம் கேட்டது. நாணலை வேரோடு வாரிக் குவித்துக்கொண்டிருந்தது. தாழை, மருது எல்லாம் போயிற்று. தண்ணீர் விளிம்பு வரைக்கும் கன்று வைத்தான். புரட்டாசி முடியும்போது அவன் கரை கோடு போட்டது மாதிரி ஆகிவிட்டது.

அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தைக் கோமு என் முகத்தில் பார்த்துவிட்டாள்.

“போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள்.

“என்னத்த?”

“அந்தப் பிள்ளை சொன்னத. மழைக்கு முன்ன ஓரத்துலயாவது நாணல வச்சிக்கிடச் சொல்லுங்க. செல்லக்கிளிக்கு அந்த மண்ண விட்டா வேற என்ன இருக்கு? இத்தன வயசுக்கு மேல அவ அடுத்தவன் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவணுமா?”

“எனக்குப் போவும்போது யாரு வந்து சொன்னா?”

“ஒங்களுக்கு யாரு சொன்னாலும் கேட்டிருக்க மாட்டீங்க. நீங்க போவலைன்னா நான் போறேன்.”

அவள் போனால் நான் அனுப்பியதாக இருக்காது, நான் மறைத்ததாக இருக்கும். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். இறங்கி நடந்தேன்.

பிச்சைக்கண்ணு கன்றுகளுக்கு நடுவே நின்றான். மேலெல்லாம் வேர்வை. அவனை வேர்வையோடு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. செல்லக்கிளி வரப்பில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி! எப்பிடி இருக்கு நம்ம தோட்டம்? நீங்க எத்தன வருசமாக் கத்துனிய, வெட்டுலே வெட்டுலேன்னு! இப்பத்தான் புத்தி வந்துச்சி.”

“புத்தி வரலலே, கொழுப்பு வந்திருக்கு. ஓசியில வந்த மண்ணு, ஓசியிலயே போவப் போவுது. ஆறு வந்து ஒன்னய வாரிக்கிட்டுப் போவும்போது தெரியும்.”

அவன் சிரித்தான். “என்ன அண்ணாச்சி, சாபம் குடுக்கவா இம்புட்டுத் தூரம் நனஞ்சிட்டு வந்தீய?”

“நாணல எடுத்தா கரை நிக்காது. படிச்ச பிள்ளை சொல்லிச்சி. என் பக்கம் பாரு, எப்பிடி அடச்சிருக்குன்னு. இனிமே ஆறு ஒன் பக்கந்தான் திரும்பும். திரும்பட்டும்!”

“அண்ணாச்சிக்கு நம்ம ஏத்தன் தாரு இன்னும் செமிக்கல போல” என்று சொல்லிவிட்டு அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

செல்லக்கிளி எழுந்து வந்தாள். கை மண்ணைச் சேலையில் துடைத்தபடி என் முகத்தையே பார்த்தாள். “அத்தான், நெசமாத்தான் சொல்லுதீங்களா? இல்ல அவுகமேல உள்ள கடுப்புல சொல்லுதீங்களா? நெசம்னா சொல்லுங்க. நாளைக்கே நான் ஓரத்துக் கன்னுகளப் புடுங்கிட்டு நாணல் வைக்கேன். அவுக பேச்சக் கேக்க மாட்டேன்.”

உண்மைதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் செய்திருப்பாள். அவள் சோம்பேறி இல்லை.

“ஒன் வீட்டுக்காரனுக்கு மேல நான் என்னத்தத் தாயி கண்டுட்டேன்? அவன்தான இப்ப அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கினேன்.

வீட்டில் கோமு கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லத்தானே செய்தேன்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. மார்கழி வெள்ளத்தில் பாதிகூட இல்லை, ஆனாலும் அணையில் திறந்துவிட்டதும் ஆறு கரை முட்டி வந்தது. மழை வெறித்து ஓய்ந்த காலையில் குடையை எடுத்துக்கொண்டு என் படுகை மேட்டுக்குப் போனேன்.

என் பக்கம் தண்ணீர் வந்த சத்தமே இல்லை. நாணலுக்குள் நுழைந்து, மெல்லப் பரவி, குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது. அக்கரையில் சுழித்துக்கொண்டு போயிற்று. நான் பார்க்கப் பார்க்க ஓரத்து வாழை ஒன்று ஆடியது. அடிமண்ணோடு சாய்ந்து தண்ணீரில் இறங்கியது. அதற்குப் பின்னால் ஒரு வரிசை. அப்புறம் அடுத்த வரிசை. கரை தொப்புத் தொப்பென்று விழுகிற சத்தம் இங்கே கேட்டது. பிச்சைக்கண்ணு அங்கும் இங்கும் ஓடினான். செல்லக்கிளி ஓடவில்லை. ஒரே இடத்தில் நின்று என் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டேன். மழை இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தண்ணீர் வடிந்ததும் என் மணலுக்கு மேலே கறுப்பாக வண்டல். அவனுக்குக் கிடைத்த அளவு இல்லை, ஆனால் கால் புதைந்தது. இரண்டு வருஷமாகக் கனவில் கண்ட மண். கை நிறைய அள்ளினேன். யாரிடமாவது காட்ட வேண்டும் என்று திரும்பினால் படுகையில் ஒரு ஆள் இல்லை. கோமு விடிந்ததும் பஸ் ஏறி, பாலம் சுற்றித் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஊரே அங்கேதான் போயிருந்தது. என் மண் போனபோது எங்கள் வீட்டுக்கு இத்தனை பேர் வரவில்லை.

நானும் போனேன். முற்றம் நிறையக் கூட்டம். பிச்சைக்கண்ணு நடுவே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“இதோ வாராகல்லா, இவுக அன்னைக்கே சொன்னாக. ஆத்துல எறங்கி வந்து சொன்னாக. நான்தான் எகத்தாளம் பேசுனேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். “பாதி போச்சு அண்ணாச்சி. மிச்சம் போறதுக்கு முன்ன ஒங்க நாணல்ல கொஞ்சம் வேரு தாங்க.”

கூட்டம் என்னைப் பார்த்து மரியாதையாக நகர்ந்து இடம் விட்டது. நிலத்தில் பாதியை இழந்துவிட்டு ஒருத்தன் இப்படிப் பேச முடியுமா? அவனுக்கு எங்கிருந்து வருகிறது அது? எனக்கு அவனுடைய வாழையைப் பார்த்து எரிந்ததைவிட இதற்கு அதிகமாக எரிந்தது.

செல்லக்கிளி எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. கோமு அதைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கேட்க வேண்டியதை எல்லாம் அவள் செல்லக்கிளியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. சாயங்காலம் நான் தனியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். “அவ கரை நேராவற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆறு இறங்கியதும் என் நாணலை வேரோடு வெட்டி எடுத்தேன். முதலில் மணல் ஓரத்துச் சோகைக் குத்துகளை எடுத்துக் கட்டினேன். அப்புறம் அந்தக் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு நல்லதாக எடுத்தேன். தலையில் சுமந்து தண்ணீரைக் கடந்து அக்கரையில் போட்டேன்.

பிச்சைக்கண்ணு வாழைத்தோட்டத்து நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தான். பழைய ஆள் ஆகிவிட்டான். “அங்கன வச்சிட்டு வாங்க அண்ணாச்சி. பைய நட்டுக்கிடுவோம்” என்றான்.

பைய நட்டால் வேர் காய்ந்துவிடும். காய்ந்தால் கரை போகும். கரை போனால் கோமு வர மாட்டாள். அவனை நாலு ஏச்சு ஏசிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனேன். அவன் நிலத்தில் அவன் கரையை நான் குனிந்து நட்டேன். மேட்டில் அவன் குறட்டைச் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தபோது செல்லக்கிளி பக்கத்தில் நின்றாள். ஒரு குத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது கையோடு வந்தது.

“ஆழமா நடுங்க அத்தான்” என்றாள்.

அதை வாங்கி மறுபடியும் நட்டேன். அவள் போகவில்லை. அடுத்த குத்தையும் இழுத்துப் பார்த்தாள்.